நாடியின் எண்ணும் நடையும்: கைக்கடிகாரத்துக்கு மாற்றாகக் கைப்பேசிச் செயலி

காலை ஏழு மணிக்குக் கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்தில் சென்னைக் கடற்கரை வண்டிக்குக் காத்திருப்பவர்களின் கைகளைக் கவனித்தால், சிலரது மணிக்கட்டில் ஸ்மார்ட் வாட்ச் தெரியும். கைப்பேசியோ அனேகமாக எல்லோரிடமும் இருக்கும். படியேறி வந்ததும் வாட்ச் கட்டியவர் மணிக்கட்டைத் திருப்பித் தன் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொள்கிறார். கட்டாதவருக்கு அந்த வசதி கிடையாது என்பது பரவலான எண்ணம். அந்த எண்ணம் சரியல்ல. கைப்பேசியின் பின்புறக் கேமராவின் மீது விரல் நுனியை வைத்து, ஃபிளாஷ் விளக்கை எரியவிட்டால் அரை நிமிடத்தில் அதே எண் கிடைத்துவிடும்.

இந்த மாற்று நம்பத்தக்கதா, எந்த அளவுக்கு, யாருக்கு என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். ஓய்வுநிலைத் துடிப்பையும் அதன் சீரையும் அறிய விரும்பும் பெரும்பாலானோருக்குத் தனியாக ஒரு வாட்ச் தேவையில்லை; விரல் வைத்து அளக்கும் செயலி போதும். ஆனால் அதனிடம் எண்ணை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துபோனால் அதன் பயனில் பெரும்பகுதி வீணாகிறது. கேட்க வேண்டியது நாடியின் நடையை. இவ்விரண்டும் இங்கே முன்வைக்கப்படும் வாதங்கள்.

நாடிக்காக ஓடிய கடிகாரம்

நாடிக்கும் கடிகாரத்துக்கும் உள்ள உறவு நானூறு ஆண்டுப் பழமை கொண்டது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய மருத்துவர் சாந்தோரியோ சாந்தோரியோ, ஊசலின் கயிற்று நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் அதன் ஆட்டத்தை நோயாளியின் நாடியோடு ஒத்துப்போகச் செய்தார். கயிற்றின் நீளமே நாடியின் அளவு ஆயிற்று. 1707இல் இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஃப்ளாயர், சரியாக ஒரு நிமிடம் ஓடும்படி செய்யப்பட்ட கடிகாரத்தைக் கொண்டு நாடியை எண்ணும் முறையை நூலாக எழுதினார். நிமிடத்துக்கு இத்தனை என்று இன்று எல்லோரும் சொல்லும் வழக்கம் வேரூன்ற இத்தகைய முயற்சிகளே வழிவகுத்தன. 1982இல் பின்லாந்தின் போலார் நிறுவனம், மார்புப் பட்டையிலிருந்து கம்பியில்லாமல் துடிப்பைப் பெறும் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை மருத்துவர் கையிலிருந்த கருவி விளையாட்டு வீரரின் மணிக்கட்டுக்கு வந்தது.

தமிழ்நாட்டில் நாடி பார்க்கும் மரபு வேறு தடத்தில் வளர்ந்தது. கூடுவாஞ்சேரியில் வண்டி ஏறி, ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம் தாண்டினால் வருவது தாம்பரம் சானடோரியம். 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் முதலிடம் நாடிக்கு. ஆணுக்கு வலக்கையிலும் பெண்ணுக்கு இடக்கையிலும் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் வைத்து வாதம், பித்தம், ஐயம் ஆகியவற்றை வைத்தியர் பார்க்கிறார். அவர் எண்ணுவதில்லை. வாதநாடி அன்னம், கோழி, மயில் போல நடக்கும். பித்தநாடி ஆமை, அட்டை போல. ஐயநாடி தவளை, பாம்பு போல என்று மரபு சொல்கிறது. அங்கே கவனத்துக்குரியது துடிப்பின் எண்ணிக்கை அன்று, அது நடக்கும் விதம்.

சித்த மருத்துவத்தின் முக்குற்றக் கொள்கையும் இன்றைய இதயவியலும் ஒன்று என்று சொல்வது இங்கே நோக்கமன்று. இரண்டின் அடிப்படைகளும் வேறு. ஆனால் ‘நடை’ என்ற சொல் இந்த ஆய்வுக்கு மிகவும் பொருந்துகிறது. நிமிடத்துக்கு 78 என்ற எண்ணை ஒரே சீராக அடிக்கும் இதயமும் தரலாம், தாறுமாறாக அடிக்கும் இதயமும் தரலாம். எண் ஒன்றுதான், நடை வேறு.

ஒளி நாடியாகும் விதம்

வாட்சும் கைப்பேசியும் துடிப்பைப் பார்க்கும் அடிப்படை ஒன்றே. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் தோலுக்கடியிலுள்ள நுண்குழாய்களில் இரத்தம் சற்று நிறைகிறது, பிறகு வடிகிறது. இரத்தம் நிறைந்த கணத்தில் ஒளி கூடுதலாக உறிஞ்சப்படும். வடிந்த கணத்தில் கூடுதலாகத் திரும்பி வரும். 1930களில் அமெரிக்க உடலியலாளர் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் இதை ஒளிமின் கருவியால் விரலில் பதிவுசெய்து காட்டினார். 1970களில் ஜப்பானின் தகுவோ அவோயாகி இதே அடிப்படையில் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை உருவாக்கினார். கொரோனா காலத்தில் வீடுவீடாக வந்த அந்த விரல் கவ்வியின் உறவுக்காரர்கள்தான் இன்றைய வாட்சும் செயலியும்.

வாட்சின் அடிப்பக்கத்தில் பச்சை விளக்கு மின்னுகிறது. பச்சை ஒளியை இரத்தம் நன்றாக உறிஞ்சும். கை அசையும்போதும் சிவப்பு ஒளியைவிட அது ஓரளவு நிலைத்த பதிவைத் தரும். கைப்பேசியிலோ வெள்ளை ஃபிளாஷ் விரலை ஊடுருவ, விரல் நுனி முழுதும் செக்கச்செவேலென்று ஒளிர்கிறது. கேமரா வினாடிக்கு 30 படங்கள் எடுப்பதாக வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் 24 படங்கள் கிடைக்கும். அந்தச் சிவப்பின் ஏற்ற இறக்கம் அலையாக வரையப்படுகிறது. அலையின் முகடுகளை எண்ணினால் துடிப்பின் எண்ணிக்கை. முகடுகளுக்கு இடையிலான இடைவெளிகளை ஒப்பிட்டால் துடிப்பின் நடை.

இதற்கென்றே தனி உணரியைச் சாம்சங் நிறுவனம் 2014இல் தன் கேலக்ஸி எஸ்5 கைப்பேசியின் பின்புறத்தில் பதித்தது. பின்னாளில் வந்த மாதிரிகளில் அதைக் கைவிட்டது. கூகுள் 2021இல் தன் ஃபிட் செயலியில், கூடுதல் உணரி எதுவும் இல்லாமல் கேமராவைக் கொண்டே துடிப்பை அளக்கும் வசதியைச் சேர்த்தது. சாதாரணக் கேமராவே அந்த வேலைக்குப் போதுமானதாகிவிட்டது.

சான்றுகள் சொல்வது

எல்லாச் செயலிகளும் ஒரே தரத்தவை அல்ல. இதை முதலில் அழுத்தமாக நிறுவியவற்றில் ஒன்று, சுவிட்சர்லாந்தின் சூரிச் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு. 108 நோயாளிகளிடம் நான்கு செயலிகளைச் சோதித்தார்கள். இரண்டு, கேமராவில் விரலை வைத்து அளப்பவை. மற்ற இரண்டு, தொடாமல் முகத்தைப் படம்பிடித்து நிறமாற்றத்தைக் கணக்கிடுபவை. முகத்தைப் பார்ப்பவை தெளிவாகப் பின்தங்கின. சில செயலிகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட அளவீடுகள் ஈசிஜி காட்டியதிலிருந்து 20 துடிப்புக்கு மேல் விலகியிருந்தன. விரல் வைக்கும் இரண்டு செயலிகளுக்கு இடையிலேயே வேறுபாடு இருந்தது என்பது இன்னும் முக்கியம்: கேமரா ஒன்றுதான், அலையைக் கணக்கிடும் நிரலின் தரம்தான் வேறு.

ஐந்தாண்டு கழித்து நிலைமை மாறியிருந்தது. கூகுள் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட சோதனையில், விரல் வைத்து அளக்கும் முறையின் சராசரிப் பிழை 2 விழுக்காட்டுக்கும் குறைவு. தோல் நிறத்தின்படி மூன்று பிரிவாகப் பங்கேற்பாளர்களைப் பிரித்துப் பார்த்தபோதும் எந்தப் பிரிவிலும் பிழை 5 விழுக்காட்டைத் தாண்டவில்லை. தயாரித்த நிறுவனமே நடத்திய சோதனை இது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். அப்படிக் கொண்டாலும், ஈசிஜியோடு ஒப்பிட்டு எண்களை வெளியே வைத்த சோதனை என்ற மதிப்பு அதற்கு உண்டு. செயலிக் கடையில் கொட்டிக்கிடக்கும் பெயர் தெரியாத செயலிகளுக்கு அந்த மதிப்பும் இல்லை.

வாட்சின் நிலை என்ன? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2017இல் 60 பேரிடம் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தது. ஆறு கருவிகள் இதயத்துடிப்பை 5 விழுக்காட்டுப் பிழைக்குள் காட்டின. ஆனால் எரித்த கலோரிக் கணக்கில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு தவறியது. துடிப்பைச் சரியாகக் காட்டும் வாட்ச், அதே திரையில் காட்டும் மற்ற எண்களையும் சரியாகக் காட்டும் என்று நம்ப இடமில்லை. 2020இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 53 பேரிடம் நடத்திய சோதனையில், உடல் இயங்கும்போது மணிக்கட்டுக் கருவிகளின் பிழை ஓய்வில் இருப்பதைவிடச் சராசரியாக 30 விழுக்காடு கூடியது.

நல்ல செயலியும் நல்ல வாட்சும் ஓய்வுநிலையில் ஏறத்தாழ ஒரே தட்டில் நிற்கின்றன என்பதே இவற்றிலிருந்து பெறப்படுவது. 2022இல் உலகின் மிகப்பெரிய ஸ்மார்ட் வாட்ச் சந்தையாக இந்தியா உயர்ந்தது. அந்த உயர்வைத் தூக்கிப் பிடித்தவை ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் வாட்சுகள். ஆனால் மேற்கண்ட ஆய்வுகள் சோதித்தவை பெரும்பாலும் விலையுயர்ந்த, பெயர்பெற்ற கருவிகள். அவற்றின் நற்பெயரை மலிவு வாட்சுகளுக்குக் கடனாகத் தர முடியாது.

கருத்த தோலும் விரல் நுனியும்

தமிழ் வாசகருக்கு இதில் தனியாக ஓர் அக்கறை உண்டு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஒளியை உறிஞ்சக்கூடியது. பச்சை ஒளியைக் கூடுதலாகவே உறிஞ்சும். ஒளியை நம்பும் மருத்துவக் கருவிகள் கருத்த தோலில் தவறக்கூடும் என்பதை 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஆய்வு உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. இரத்தத்தில் ஆக்ஸிஜன் அபாயமாகக் குறைந்திருந்தும் கருவி கண்டுகொள்ளாமல் விட்ட நிகழ்வுகள், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தன. துடிப்பை எண்ணுவது ஆக்ஸிஜனை அளப்பதைவிட எளிய கணக்கு. டியூக் ஆய்வில் தோல் நிறத்தால் துடிப்பளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவும் இல்லை. ஆயினும் கேள்வி அடங்கிவிடவில்லை. வெயிலில் கருத்த, வியர்வை படிந்த, மயிர் அடர்ந்த மணிக்கட்டுகள் இங்கே அதிகம்.

விரல் நுனிக்கு ஓர் இயற்கை அனுகூலம் இருக்கிறது. எந்த நிறத்தவருக்கும் உள்ளங்கைப் பக்கத்துத் தோலில் மெலனின் மிகக் குறைவு. நுண்குழாய்களோ மிக அடர்த்தி. மாமல்லபுரம் கடற்கரையில் நாள் முழுதும் வெயிலில் வலை இழுப்பவரின் மணிக்கட்டும் விரல் நுனியும் நிறத்தில் எவ்வளவு வேறுபடும் என்பதை எவரும் பார்த்திருப்பார்கள். ஒளிக்கு வழிவிடும் இடத்தை வாட்ச் தேர்ந்தெடுக்க முடியாது. அது கட்டிய இடத்திலேயே இருக்கும். செயலி கேட்பது விரல் நுனியை.

அதற்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஈரத்தில் சில்லிட்ட விரலில் இரத்த ஓட்டம் சுருங்கி அலை மெலிந்துவிடும். அழுத்திப் பிடித்தால் இரத்தம் பிதுங்கி வெளியேற, அலையே மறைந்துபோகும். விரலைத் துடைத்து, உள்ளங்கையோடு உள்ளங்கை தேய்த்துச் சூடாக்கி, கேமராவையும் ஃபிளாஷையும் ஒருசேர மூடும்படி மெல்ல வைக்க வேண்டும்.

எண்ணைத் தாண்டி

ஓய்வுநிலைத் துடிப்பு 60 முதல் 100 வரை இருந்தால் இயல்பு என்பது பாடநூல் கணக்கு. பயிற்சி பெற்ற ஓட்டக்காரருக்கு அது 50க்குக் கீழும் இருக்கலாம். ஆகவே ஒரு நாளின் எண்ணைவிட ஒருவரது வழக்கமான எண்ணும் அதிலிருந்து நிகழும் விலகலும்தான் செய்தி சொல்பவை. வழக்கமாக 72 இருப்பவருக்கு வாரக்கணக்கில் 90 இருந்தால் காய்ச்சல், நீரிழப்பு, தைராய்டு, இரத்தசோகை என்று பல காரணங்கள் இருக்கக்கூடும். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை இருந்தது. வீட்டில் ஒரே ஒரு நல்ல கைப்பேசி இருந்தால்கூட அம்மா, மாமியார், மகள் மூவரும் அதில் மாறிமாறி விரல் வைக்கலாம். வாட்சோ ஒருவர் மணிக்கட்டுக்கு உரியது.

நடையைப் பற்றிய சான்று இன்னும் வலுவானது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற நோயில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன. நாடியின் இடைவெளிகள் எந்த ஒழுங்குக்கும் அடங்காமல் கூடிக் குறைகின்றன. மேலறையில் தேங்கும் இரத்தம் உறைந்து, கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். பலருக்கு இது வந்திருப்பதே தெரியாது. ஜெர்மனியில் நடந்து 2022இல் வெளியான ஈபிரேவ்-ஏஎஃப் ஆய்வில், காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் உறுப்பினர்கள் 5,551 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சொந்தக் கைப்பேசியின் கேமராவில் விரல் வைத்துக் குறித்த கால இடைவெளிகளில் நாடியைப் பதிவுசெய்தார்கள். ஐயத்துக்கிடமானால் அவர்களுக்கு 14 நாள் ஈசிஜி கருவி அனுப்பப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம். ஆறு மாதத்தில், மருந்து தொடங்கும் அளவுக்கு நோய் கண்டறியப்பட்டவர்கள் முதல் பிரிவில் 1.33 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 0.63. இரு மடங்குக்கும் மேல்.

வாட்சைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு 2019இல் வெளியானது. ஆப்பிள் வாட்ச் அணிந்த 4,19,297 பேரில் 0.52 விழுக்காட்டினருக்கு நாடி ஒழுங்கற்றிருப்பதாக அறிவிப்பு வந்தது. பிறகு ஈசிஜி பட்டை ஒட்டிக்கொண்டு திருப்பி அனுப்பியவர்களில் மூன்றில் ஒருவருக்கு நோய் உறுதியானது. அணிந்தவர் கேட்காமலே பின்னணியில் கண்காணிப்பது வாட்சின் சிறப்பு. வந்துபோகும் நோயை, தூக்கத்தில் மட்டும் தலைகாட்டும் நோயைச் செயலி பிடிக்காமல் போகலாம். ஆனால் 2020 ஊரடங்கில் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் மருத்துவமனை தொடங்கி ஐரோப்பாவில் பரவிய ஒரு திட்டம், அந்தக் குறையை எளிய ஒழுங்கால் ஈடுசெய்தது: தொலைபேசி ஆலோசனைக்கு முந்திய ஒரு வாரம், நாளுக்கு மூன்று முறையும் படபடப்பு தோன்றும் போதெல்லாமும் நோயாளி கேமராவில் விரல் வைத்தார். படபடப்பு வந்த நேரத்தின் நாடியே மருத்துவர் முன் பதிவாக நின்றது.

செயலி நிற்க வேண்டிய எல்லை

எதிர்வாதங்களில் முதலாவது, ஓட்டம். ஓடிக்கொண்டே கேமராவில் விரல் வைக்க முடியாது. நின்று வைப்பதற்குள் துடிப்பு இறங்கத் தொடங்கிவிடும். பயிற்சியின்போதே துடிப்பை அறிய வேண்டியவருக்கு வாட்ச் வேண்டும். துல்லியம் வேண்டுமானால் மார்புப் பட்டை. இதில் விட்டுக்கொடுக்க இக்கட்டுரைக்குத் தயக்கமில்லை.

இரண்டாவது, ஒளி காண்பது நாடியை, இதயத்தை அன்று. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் சில துடிப்புகள் விரல்வரை வந்துசேரும் வலுவில்லாமல் இடையிலேயே அடங்கிவிடும். அப்போது நாடியின் எண் இதயத்தின் எண்ணைவிடக் குறைவாகக் காட்டும். வாட்சுக்கும் இதே குறை உண்டு. ஈசிஜி மட்டுமே தீர்ப்பு சொல்லும்.

மூன்றாவது, இல்லாத துடிப்பைக் காட்டும் கருவிகள். 2018இல் சீனாவில் கழிப்பறைக் காகிதச் சுருளுக்குக் கட்டிய பட்டை ஒன்று துடிப்பு காட்டியது பெரும் செய்தியானது. செயலிக்கும் இதே சோதனையை வீட்டிலேயே செய்யலாம். கேமராவின் மீது வாழைப்பழத்தை வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் கூசாமல் ஓர் எண்ணைக் காட்டும் செயலியை அன்றே நீக்கிவிடலாம்.

நான்காவதுதான் மிக அபாயமானது. பேச்சுவழக்கில் ‘பல்ஸ்’, ‘பிரஷர்’ இரண்டும் அடிக்கடி குழம்பிப்போகின்றன. அந்தக் குழப்பத்தில் பிழைப்பவை, கேமராவில் விரல் வைத்தால் இரத்த அழுத்தம் சொல்வதாக விளம்பரம் செய்யும் செயலிகள். அமெரிக்காவில் 2014–15இல் ஒரு லட்சத்துக்கும் மேல் விற்ற ‘இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்’ செயலியை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் சோதித்தபோது, உயர் அழுத்தம் உள்ள ஐவரில் ஏறத்தாழ நால்வரை அது இயல்பானவர் என்று காட்டியது. 2016இல் அந்நாட்டு வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உயர் அழுத்தம் இருக்கும் தமிழ்நாட்டில் இத்தகைய பொய் ஆறுதல் உயிரைக் குடிக்கும். அழுத்தத்துக்குக் கைப்பட்டைக் கருவிதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அது வீட்டுக்கே வருகிறது.

இத்தகைய செயலிகளைச் சட்டமும் கவனித்திருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் நோய் கண்டறியும் மென்பொருளும் இந்தியாவில் மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள் வருகிறது. 2023இல் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நாடி பார்க்கும் செயலிக்குக் கேமரா வேண்டும். தொடர்பு எண்களும் இருப்பிடமும் எதற்கு? அவற்றைக் கேட்கும் செயலியை மறுப்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

நெஞ்சுவலியின்போது கைப்பேசி

தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிட ஐந்தாறு ஆண்டு முன்னதாக, 53 வயதை ஒட்டி வருகிறது என்பதை 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. மாரடைப்பின்போது நாடி 80 என்று அமைதியாக இருக்கலாம். நெஞ்சு இறுக்கம், இடக்கை வலி, குளிர் வியர்வை இருக்கும்போது செயலியைத் திறந்து ‘நார்மல்தான்’ என்று படுத்துவிடுவதைவிடக் கேடான பயன்பாடு வேறில்லை. அந்த நேரத்தில் கைப்பேசியின் ஒரே வேலை 108ஐ அழைப்பது.

விரைந்து சேர்வது எவ்வளவு பயன் தரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. சிறு மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்த தமிழ்நாடு ஸ்டெமி திட்டத்தின் முடிவுகள் 2017இல் வெளியாயின. 2,420 மாரடைப்பு நோயாளிகளில், ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாடின் அடங்கிய 14 மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் முதலுதவியாகத் தரப்படுகின்றன. கூடுவாஞ்சேரியிலிருந்து நெல்லிக்குப்பம் சாலையில் உள்ளே தள்ளி இருக்கும் ஊர்களுக்கு, ஜி.எஸ்.டி. சாலை நெரிசலைக் கடந்து பெரிய மருத்துவமனை போய்ச் சேர்வதற்கு முன் கிடைக்கும் பாதுகாப்பு இது.

கூடுவாஞ்சேரிக்கு ஒரு நடைமுறை

கூடுவாஞ்சேரி அடங்கிய செங்கல்பட்டு மாவட்டம் ஷிப்ட் வேலைக்காரர்களின் மாவட்டமும்தான். மறைமலை நகர் தொழிற்சாலைகளிலும் மகேந்திரா சிட்டி அலுவலகங்களிலும் இரவுப் பணி முடித்து வருபவருக்குக் காலை ஆறு மணி என்பது விழிக்கும் நேரமன்று. அவர் கடிகாரத்தைப் பார்க்காமல் தன் தூக்கத்தைப் பார்த்து அளக்க வேண்டும்: எழுந்ததும், காபிக்கு முன், ஐந்து நிமிடம் உட்கார்ந்து, விரலை நெஞ்சு மட்டத்தில் வைத்து. அரை நிமிட அளவீடு மூன்று. நடு எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும். வாரம் ஒருமுறை கட்டைவிரல் அடியில் மணிக்கட்டு நாடியைத் தொட்டு, முழு ஒரு நிமிடம் தானே எண்ணிச் செயலியோடு ஒப்பிட வேண்டும். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு துடிப்புத் தவறே நான்காகிவிடும். முழு நிமிடம் எண்ணும்போது நடையும் விரலுக்குப் புலப்படும்.

2023 நவம்பர் 4 அன்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளோடு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் தொடங்கியது. மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே மருத்துவ முகாம் நடத்துவதும் அதன் பகுதி. அந்த முகாமில் இன்னொரு மேசை போடலாம். நடப்பவர் தன் கைப்பேசியில் விரல் வைக்க, செவிலியர் மறுகையில் நாடியை ஒரு நிமிடம் எண்ணுவார். இரண்டும் ஐந்து துடிப்புக்குள் ஒத்துப்போனால் அந்தக் கைப்பேசியும் செயலியும் அவருக்குப் பயன்படும் என்று அட்டையில் குறித்துத் தரலாம். விலகினால் வேறு செயலி. 65 வயதைத் தாண்டியவரின் நடை ஒழுங்கற்றிருந்தால், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஈசிஜி எடுக்கச் சீட்டு எழுதலாம். இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு மேசை, ஒரு செவிலியர், வினாடி முள் உள்ள ஒரு சுவர்க்கடிகாரம்.